அப்பாவுக்குப் பனிக்கரடி பார்க்க ஆசை: கப்பலில் அனுப்பலாமா?

கேட்டவர் அரவேணுப் பக்கத்துக்காரர். டீ ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவருடைய அப்பாவுக்கு 67 வயது. கப்பலில் ஆர்க்டிக் போய்ப் பனிக்கரடி பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை. அடுத்த கோடையில் அனுப்ப அண்ணனும் தம்பியும் பணம் சேர்த்திருக்கிறார்கள். அவர் கேட்பது மூன்று: கரடி கட்டாயம் கண்ணில் படுமா? அப்பா குளிர் தாங்குவாரா? கரடிகளுக்கே ஆபத்து என்கிறார்களே, இப்படிப் போய்ப் பார்ப்பது சரிதானா?

கட்டாயம் படும் என்று உறுதி சொல்ல யாராலும் முடியாது. ஆனால் வாய்ப்பைக் கூட்டிக்கொள்ள வழி இருக்கிறது. நான் கோத்தகிரிக்காரன்; வட துருவக் கடலில் ஓடும் சிறிய பயணிகள் கப்பல்களில் அதிகாரியாக இருந்தவன். பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் அறையில், நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். அங்கே கேப்டன் முதலில் தேடுவது கடல்மேல் உறைந்து மிதக்கும் பனியைத்தான். கரடி இருந்தால் பனியின் ஓரத்தில் இருக்கும். இந்த ஒன்று புரிந்துவிட்டால் எந்த மாதம் போவது, எந்தக் கப்பலில் போவது, எவ்வளவு தூரத்தில் பார்த்தால் போதும் என்ற எல்லாக் கேள்விக்கும் விடை தானாக வந்துவிடும்.

பனிக்கரடிக்குச் சோறு போடுவது சீல். அதிலும் வளையச் சீல், தாடிச் சீல் என்ற இரண்டு வகை. தண்ணீருக்குள் சீலைத் துரத்திப் பிடிக்கும் வேகம் கரடிக்குக் கிடையாது. சீல் மூச்சு விடப் பனியில் வைத்திருக்கும் ஓட்டைக்குப் பக்கத்தில் அசையாமல் மணிக்கணக்கில் காத்திருக்கும். அல்லது பனிமேல் படுத்து வெயில் காயும் சீலை நோக்கிப் பதுங்கிப் போகும். இரண்டுக்கும் காலடியில் கடற்பனி வேண்டும். வசந்தத்தில் சீல் குட்டி போடும் காலம் தொடங்கி ஜூலை வரை தின்று சேர்க்கும் கொழுப்பில்தான் அதன் வருடத்தின் மீதிப் பகுதி ஓடுகிறது. அதனால் கோடையில் பனி வடக்கே பின்வாங்கும்போது பல கரடிகள் பனியோடு சேர்ந்து வடக்கே போய்விடும். சில கரடிகள் மட்டும் தீவுகளிலேயே தங்கி, பறவை முட்டை, கரை ஒதுங்கிய திமிங்கிலத்தின் உடல், சில சமயம் ரெயின்டீர் மான் என்று கிடைத்ததைத் தின்னும்.

பெரும்பாலான கரடிப் பயணங்கள் போவது நார்வேக்கு வடக்கே, 74 முதல் 81 டிகிரி வட அட்சரேகை வரை பரவிக் கிடக்கும் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்துக்கு. விளம்பரங்களில் ‘அங்கே மனிதரைவிடக் கரடிகள் அதிகம்’ என்று போடுவார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். 2004ல் எடுத்த கணக்கில் வந்த சுமார் 2,650 கரடிகள், ரஷ்யாவின் ஃபிரான்ஸ் ஜோசப் தீவுகள் வரை நீளும் பாரன்ட்ஸ் கடல் முழுவதற்குமான எண்ணிக்கை. ஆண்டு முழுக்க ஸ்வால்பார்டை விட்டு நகராத கரடிகள் ஏறத்தாழ 300தான். தீவுகளோ தமிழ்நாட்டில் பாதி அளவு. இந்தக் கணக்கை அப்பாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எதிர்பார்ப்பு சரியான அளவுக்கு வந்துவிடும்.

தேடுவது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், அப்பாவுக்குப் பிடிக்கும். நார்வே வானிலைத் துறை வார நாட்களில் பனி வரைபடம் வெளியிடும். எங்கே திறந்த நீர், எங்கே சிதறிய பனி, எங்கே நெருங்கிய பனி என்று வெவ்வேறு நிறத்தில் காட்டியிருக்கும். கேப்டனும் பயணத் தலைவரும் ராத்திரி அதைப் பரப்பி வைத்துக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் பனியைத் தள்ளும் என்று யோசிப்பார்கள். வரைபடத்தில் கோடு ஓரிடத்தில் இருக்கும். காலையில் பனி வேறொரு இடத்தில் இருக்கும். அப்போது வானத்தைப் பார்க்க வேண்டும். தொலைவில் பனிப்பரப்பு இருந்தால் அதன் மேலே உள்ள மேகத்தின் அடிப்பக்கம் வெளுத்து ஒளிரும். திறந்த கடலுக்கு மேலே உள்ள மேகம் கறுத்துத் தெரியும். பழைய மாலுமிகள் இதை வைத்தே வழி கண்டுபிடித்தார்கள். ரேடார் இருக்கும் இந்தக் காலத்திலும் நான் இதைப் பார்க்காமல் விட்டதில்லை.

பனி ஓரத்துக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்துவிடுவோம். பிரிட்ஜிலும் மேல்தளத்திலும் நாலைந்து பேர் பைனாகுலரோடு நிற்பார்கள். தேட வேண்டியது வெள்ளையை அல்ல, இளமஞ்சளை. சுத்தமான பனிமேல் கரடி பழைய வெண்ணெய் நிறத்தில் தெரியும். அதன் முடிக்கு நிறமே கிடையாது, தோல் கறுப்பு. வெளிச்சம் முடியில் சிதறுவதால்தான் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தோன்றுகிறது. அழுக்குப் பனி, பாசி படிந்த பனி, பனியாறு கொண்டுவந்த மண், இதெல்லாம் கரடி மாதிரியே ஏமாற்றும். அசைகிறதா என்று ஒரே இடத்தைச் சில நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. இதற்கு அப்பா இப்போதே பழகிக்கொள்ளலாம். கோடநாடு காட்சி முனைக்குப் போய், கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் தெங்குமரஹாடா பக்கம் யானை தெரிகிறதா என்று பைனாகுலரில் பகுதி பகுதியாகப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் கண் வலித்தால், நிறுத்தி நிறுத்திப் பார்க்கக் கற்றுக்கொள்ளட்டும்.

மூடுபனி வந்தால் எல்லாம் நின்றுவிடும். பனி ஓரத்தில் கோடையில் அது அடிக்கடி வரும். ஒரு நாள் முழுக்க எதுவும் தெரியாமல் போகலாம். அப்புறம் விடிகாலை மூன்று மணிக்கு மூடுபனி விலகிக் கரடி தெரிந்தால், ஸ்பீக்கரில் எல்லோரையும் எழுப்புவார்கள். ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்இயர்பியனில் ஏப்ரல் 20க்கு மேல் ஆகஸ்ட் 22 வரை சூரியன் மறைவதே இல்லை. அதனால் மூன்று மணிக்கும் வெளிச்சத்துக்குக் குறைவிருக்காது. ஸ்வெட்டர், கோட், பூட்ஸ் மூன்றையும் கட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தூங்கச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம். தூரம்.

2025 ஜனவரி 1 முதல் ஸ்வால்பார்டில் புதிய விதி. பனிக்கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். அதைவிடக் கிட்டத்தில் கரடி இருப்பது தெரியவந்தால் பின்வாங்க வேண்டியது நம் பொறுப்பு. கப்பல், ரப்பர் படகு, நடந்து போகிறவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். கரடியைத் துரத்துவதும், உணவு காட்டி இழுப்பதும், தொந்தரவு செய்வதும் அதற்கு முன்பே குற்றம்தான். இப்போது அளவுகோல் வந்துவிட்டது. வசந்தத்தில் தூரம் ஏன் அதிகம் என்றால், டிசம்பர், ஜனவரி வாக்கில் பனிக்குழிக்குள் பிறந்த குட்டிகளை, பிறக்கும்போது அரை கிலோவுக்குச் சற்று மேல்தான் எடை இருக்கும், தாய் வெளியே கூட்டிக்கொண்டு வரும் காலம் அது. குழிக்குள் மாதக்கணக்கில் பட்டினி கிடந்த தாய் சீல் பிடித்தால்தான் பால் சுரக்கும். அந்த வேட்டை நம்மால் ஒரு முறை கெட்டாலும் அதற்கு இழப்பு பெரிது.

இந்த விதி வந்தபோது பயண நிறுவனங்கள் பல வருத்தப்பட்டன. இவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் பயணிகளுக்குத் திருப்தி வராது என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரில் 300 மீட்டரில் நிற்கும் கரடி, வெறும் கண்ணுக்கு 38 மீட்டரில் நிற்பதைப் போலத் தெரியும். 400, 500 கிலோ எடையுள்ள ஆண் கரடியை அந்தத் தூரத்தில் பார்க்கத் திருப்தி இல்லை என்றால் குறை கரடியிடம் இல்லை.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அரவேணு, கீழ்க்கோத்தகிரி, குன்னூர் சுற்றுவட்டாரத்தில் தேயிலைத் தோட்டத்துக்குள் கரடி வருவது இப்போது தினசரிச் செய்தி. கோயில் கதவை உடைத்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிறது, கடைக்குள் புகுந்து பொருளை இழுத்துப் போடுகிறது. கரையான் தோண்டித் தின்று, பழம் தேடிக் காட்டில் திரிய வேண்டிய விலங்கு. நாம் அதன் இடத்துக்குள் போனோம், குப்பையை வெளியே கொட்டினோம், அது மனித வாடையைச் சாப்பாட்டோடு சேர்த்துப் பழகிக்கொண்டது. அப்புறம் கூண்டு வைக்கிறோம். பனிக்கரடிக்கு மூக்கு இன்னும் கூர்மை. ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் சீலின் வாடை பிடிக்கும். கப்பல் சமையலறை வாடையும் அதற்கு எட்டும். கப்பல்களைப் பார்த்துப் பார்த்து, அருகில் போனால் ஒன்றும் ஆகாது என்று ஒரு இளங்கரடி கற்றுக்கொண்டால், அடுத்து அது ஒரு கூடாரத்தையோ குடிசையையோ தேடிப் போகும். அங்கே அது சுடப்படவும் கூடும். அதனால் கப்பலை மோப்பம் பிடித்துக் கரடி தானாகவே வரும்போது கேப்டன் மெதுவாக விலகிப் போனால், ஏமாற்றிவிட்டார்கள் என்று அப்பா நினைக்க வேண்டாம். அந்தக் கேப்டனை நம்பலாம்.

கரையிறங்கும்போது வழிகாட்டிகள் துப்பாக்கியும் ஒளிக்குண்டுத் துப்பாக்கியும் வைத்திருப்பார்கள். குடியிருப்புகளுக்கு வெளியே கரடியை விரட்டும் சாதனம் இல்லாமல் போகக் கூடாது என்பது சட்டம். முதலில் அவர்கள் இறங்கி மேடு, பள்ளம், பாறை மறைவு எல்லாம் பார்த்துவிட்டுத்தான் பயணிகளை இறக்குவார்கள். 2018 ஜூலையில் ஏழு தீவுகள் என்ற வடகோடித் தீவுகளில் இப்படி முதலில் இறங்கிய காவலர் ஒருவரைக் கரடி தாக்கியது. அவர் காயத்தோடு பிழைத்தார், கரடி சுடப்பட்டு இறந்தது. எவ்வளவு கவனமாக இருந்தாலும் நடக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன். ‘இங்கேயே நில்லுங்கள்’ என்று வழிகாட்டி சொன்னால் அப்பா அந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. போட்டோவுக்காக நாலு அடி தள்ளிப் போவதும் வேண்டாம்.

குளிர் பற்றி: பயப்பட வேண்டாம். ஜூலையில் அங்கே வெப்பநிலை பெரும்பாலும் 3 முதல் 7 டிகிரிக்குள் இருக்கும். ஜனவரியில் அவலாஞ்சியிலும் தலைக்குந்தாவிலும் உறைபனி விழும் விடியற்காலையைப் பார்த்த மனிதருக்கு அது புதிதல்ல. கஷ்டம் காற்றினால்தான். ஓடும் கப்பலின் மேல்தளத்தில் அசையாமல் நிற்கும்போது காற்று உடம்புச் சூட்டை உருவிக்கொண்டு போய்விடும். ஒரே தடித்த ஸ்வெட்டருக்குப் பதிலாக உள்ளே தெர்மல், நடுவே கம்பளி, வெளியே காற்றும் தண்ணீரும் புகாத கோட் என்று மூன்று அடுக்கு போதும். கையுறை இரண்டு ஜோடி. ரப்பர் பூட்ஸ் பல கப்பல்களில் இரவலாகத் தருவார்கள், அளவை முன்பே சொல்லிவிடுங்கள். முழங்கால் எப்படி இருக்கிறது என்பதுதான் என் கவலை. கப்பல் பக்கவாட்டு ஏணியில் இறங்கி, ஆடும் ரப்பர் படகில் கால் வைத்து, கரையில் கணுக்கால் தண்ணீரில் இறங்க வேண்டும். படகுக்காரர் கையைப் பிடிக்காமல் முழங்கைக்குக் கீழே பிடிப்பார். அப்பாவும் அதேபோல அவர் முன்கையைப் பிடிக்க வேண்டும், நழுவாது. டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். லாங்இயர்பியன் மருத்துவமனை சிறியது. பெரிய சிகிச்சை என்றால் நார்வேயின் டிராம்ஸோவுக்கு விமானத்தில் கொண்டுபோவார்கள். மீட்புச் செலவையும் சேர்த்துக் காப்பீடு எடுக்காமல் அனுப்பாதீர்கள்.

கரையிறங்கும் முன் ஒரு சடங்கு உண்டு. பையின் மூலைகள், கோட்டுப் பாக்கெட், ஒட்டும் பட்டை, பூட்ஸ் அடி என்று எல்லாவற்றையும் வேக்குவம் வைத்தும் பிரஷ் வைத்தும் சுத்தம் செய்வார்கள். ஒரு புல் விதைகூட வெளியிலிருந்து போய்விடக் கூடாது என்பதற்காக. சிலர் இதை அலட்சியமாகச் செய்வதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. வெளியிலிருந்து வந்த சீகை மரமும் உன்னிச்செடியும் நம் மலைப் புல்வெளிகளையும் காடுகளையும் என்ன செய்தன என்று நீலகிரிக்காரர்களுக்குத் தெரியும். அப்பா தோட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் ஷூவை எடுத்துப்போக வேண்டாம்.

சரி, போவது சரிதானா என்ற கேள்வி. இங்கே மழுப்பாமல் சொல்ல வேண்டும். அப்பா போவதால் கரடிக்கு ஒரு நன்மையும் இல்லை. ‘பார்த்துவிட்டு வருகிறவர்கள் கரடிக்காகக் குரல் கொடுப்பார்கள்’ என்று நிறுவனங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை; விமானமும் கப்பலும் விடும் புகை நிச்சயம், குரல் நிச்சயமில்லை. ஆர்க்டிக் உலக சராசரியைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகமாகச் சூடாகிறது. செயற்கைக்கோள் அளவீடு தொடங்கிய 1979க்குப் பிறகு செப்டம்பர் மாதக் கடற்பனி மிகக் குறைந்தது 2012ல். கனடாவின் மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 2016ல் 842 என்று மதிப்பிட்ட கரடிகள் 2021ல் 618 ஆகிவிட்டன. பாரன்ட்ஸ் கடலில் பனி அதைவிட வேகமாகக் குறைந்தும் கரடி எண்ணிக்கை அப்படிச் சரியவில்லை. அதற்கு ஒரு காரணம் வேட்டை நின்றது: ஒரு காலத்தில் ஸ்வால்பார்டில் ஆண்டுக்குச் சில நூறு கரடிகளைத் தோலுக்காகக் கொன்றார்கள். பெட்டிக்குள் இரை வைத்து, இரையோடு கயிறு கட்டி, கரடி இழுத்ததும் அதன் தலையில் துப்பாக்கி வெடிக்கும்படி பொறி செய்திருந்தார்கள். 1973ல் அங்கே வேட்டை நின்றது. அதே ஆண்டு கனடா, டென்மார்க், நார்வே, அமெரிக்கா, சோவியத் யூனியன் ஐந்தும் ஆஸ்லோவில் கரடிப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பனிப்போர் நடந்த காலத்தில், அணு ஆயுதத்தை எதிரெதிரே வைத்துக்கொண்டிருந்த நாடுகள் ஒரு விலங்குக்காக ஒரே மேசையில் உட்கார்ந்தன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். வேட்டை நின்றதால் வந்த அந்த மீட்சி இன்னும் எத்தனை காலம் பனிக் குறைவுக்கு ஈடுகொடுக்கும் என்பதில்தான் கவலை.

இத்தனையும் தெரிந்த பிறகும் போகச் சொல்வேனா? உங்கள் அப்பாவுக்கு, ஆமாம். வாழ்நாளில் ஒரு முறை, சரியான கப்பலில், கரடி தெரியாவிட்டாலும் பனியையும் பறவையையும் பார்த்துத் திருப்தி அடையும் மனதோடு போனால். கரடி போட்டோ மட்டும் வேண்டும் என்று நாலு நாள் பயணமாகப் போகிறவர்களை நான் தடுப்பேன்.

சரியான கப்பல் எது? பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பலுக்கு இப்போது அனுமதியே இல்லை. அந்தப் பகுதிகளில் கரையிறங்குவதும் 43 இடங்களில் மட்டும். அதனால் ஆயிரக்கணக்கானோர் போகும் சொகுசுக் கப்பல் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நூறு பயணிகளுக்குள் இருக்கும், பனிக்கடலில் ஓடத் தகுந்தது என்ற பனித் தரச் சான்று பெற்ற கப்பலைப் பாருங்கள். பிரிட்ஜைப் பயணிகளுக்குத் திறந்து விடுவார்களா என்று கேளுங்கள். அப்பாவுக்கு அங்கேதான் பொழுது போகும். ஒரு வாரத்துக்குக் குறையாமல், முடிந்தால் பத்து நாள். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை பாதிவரை என் தேர்வு: பனி ஓரம் ரொம்ப வடக்கே போயிருக்காது, அல்கஃபியெல் பாறைச் சுவரில் பல்லாயிரம் கடற்பறவைகள் முட்டையும் குஞ்சுமாக இருக்கும். ஆகஸ்டில் தீவுகளைச் சுற்றி வருவது எளிது, பனியை எட்டுவது கடினம். வழியில் நூ-ஓலெசுண்டில் நிறுத்தினால் 2008ல் இந்தியா திறந்த ஹிமாத்ரி ஆய்வு நிலையத்தை வெளியிலிருந்து பார்க்கலாம். அந்த ஊரை ஒட்டிய கடலுக்கடியில் 2014ல் இந்தியா இறக்கிய அளவீட்டுக் கருவித் தொகுப்பில் சென்னைக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் கையும் உண்டு. அங்கே போனதும் செல்போனில் வைஃபையும் புளூடூத்தும் அணைக்கச் சொல்வார்கள். ரேடியோ ஆய்வுக்கு இடைஞ்சல்.

விசாவில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்வால்பார்டுக்கு விசா வேண்டியதில்லை, ஆனால் நார்வே வழியாகத்தான் போக வேண்டும், அது ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போக விடும் ஷெங்கன் பகுதி. ஸ்வால்பார்டோ ஷெங்கனுக்கு வெளியே. திரும்பி வரும்போது இரண்டாவது முறை ஷெங்கனுக்குள் நுழைவதாகக் கணக்கு. அதனால் விண்ணப்பத்தில் இரண்டு முறையோ பல முறையோ நுழையும் விசா என்று கேளுங்கள். கோயம்புத்தூரிலிருந்து கிளம்பிக் கப்பல் ஏறும் நாளுக்கு ஒரு நாளாவது முன்னதாக லாங்இயர்பியன் போய்ச் சேரும்படி டிக்கெட் போடுங்கள். வானிலையால் விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. பெட்டி வராமல் போனாலும் சமாளிக்க, மாத்திரை, தெர்மல், பைனாகுலர் மூன்றையும் கைப்பையிலேயே வைக்கச் சொல்லுங்கள்.